கூடையில் இல்லாத செருப்பு

மார்ச் 4

மரியாதைக்குரிய அத்தைக்கு,

நலமா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்த பிறகுதான், அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தோன்றியது. உங்களுக்குச் சளி பிடித்திருக்கும். கொசு கடித்த இடமெல்லாம் தடித்திருக்கும். இரண்டுக்கும் காரணமானவனே நலம் விசாரித்தால் எரிச்சல்தான் வரும்.

போன் செய்து பார்த்தேன். உங்கள் மகள் எடுத்தாள், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். மறுபடி செய்தேன், மறுபடி வைத்தாள். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை ஒருமுறை முறையாகச் சொல்லிவிடுகிறேன். அன்று வீட்டில் நான் உளறிய உளறலில் உங்களுக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. தீவுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிற எங்கள் படகில் ஆட்களை எண்ணுவது கிடையாது. எண்ணினால் ஒருத்தர் குனிந்திருப்பார், ஒருத்தர் படம் எடுக்க எழுந்து போயிருப்பார், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வரும். அதனால் செருப்பைத்தான் பார்ப்போம். தீவில் முழங்கால் தண்ணீரில்தானே இறங்க வேண்டும்? இறங்கும் முன் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் படகிலேயே பெரிய கூடையில் போட்டுவிடுவார்கள். திரும்ப ஏறியதும் அவரவர் செருப்பை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். கூடை காலியானால் எல்லோரும் ஏறியாயிற்று என்று அர்த்தம். இந்தத் தொழிலை ஆரம்பித்த நாளிலிருந்து இப்படித்தான். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அன்றும் விசில் ஊதினேன், கூடையைப் பார்த்தேன், காலி. படகோட்டியிடம் கையைக் காட்டினேன், கிளம்பிவிட்டோம். நீங்கள் தீவிலேயே நின்றுவிட்டீர்கள். உங்கள் செருப்பு ஏன் கூடையில் இல்லை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உங்களிடம் கேட்கவும் தைரியமில்லை.

"எங்கம்மா என்ன குடையா, மறந்து வச்சுட்டு வர்றதுக்கு?" என்று உங்கள் மகள் கேட்டாளே, அது காதிலேயே நிற்கிறது. மறுநாள் காலையில் நீங்கள் இருவரும் பெட்டியோடு கிளம்பியபோது வாசல் வரை வந்தேன்.

தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டது. பேப்பர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "எங்க மாமியாருக்கும் ஒரு டிக்கெட் போடுங்க தம்பி, போறதுக்கு மட்டும் போதும்" என்கிறார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். இதில் கொடுமை என்னவென்றால், இந்தக் கதையைக் கேட்டுவிட்டே நிறையப் பேர் டிக்கெட் கேட்டு வருகிறார்கள். அடுத்த மூன்று ஞாயிறும் படகு நிறைந்துவிட்டது.

அத்தை, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் வேண்டுமென்று செய்யவில்லை. அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 10

மாப்பிள்ளைக்கு,

இனி வீட்டுக்கு எழுதாதீர்கள். என் தையல் கடை முகவரிக்கு எழுதுங்கள். போன கடிதத்தை உங்கள் மனைவிதான் முதலில் பார்த்தாள். உங்கள் கையெழுத்து என்று தெரிந்ததும், செத்த பல்லியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கி என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். நல்லவேளை, பிரிக்கவில்லை. பேப்பர் கடைக்காரர் சமாச்சாரத்தைப் படித்திருந்தால் பஸ் பிடித்து வந்து உங்களைத் திட்டியிருப்பாள்.

செருப்பு ஏன் கூடையில் இல்லை என்று கேட்கத் தைரியமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானே சொல்கிறேன். என் செருப்பின் வார் அறுந்துபோய் ஊக்கு குத்தியிருந்தேன். நீங்கள் கூட்டிவந்தவர்கள் எல்லோரும் ஆபீஸ்காரர்கள். கூடையில் ஒவ்வொரு செருப்பும் பளபளவென்று கிடந்தது. அதன் நடுவில் ஊக்கு குத்திய என் செருப்பைப் போட எனக்குக் கை வரவில்லை. நாளைக்கு யாராவது "இது யாருது?" என்று தூக்கிக் காட்டினால் உங்களுக்குத்தானே தலைகுனிவு? அதனால் பாலிதீன் பையில் சுற்றி என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றப் போய்த்தான் இவ்வளவும்.

கூடை காலியாக இருந்தது, சரி. நான் உட்கார்ந்திருந்த பலகையும் காலியாகத்தானே இருந்திருக்கும்? அதை ஏன் பார்க்கவில்லை? செருப்பைத் தேடத் தெரிந்தவருக்கு ஆளைத் தேடத் தெரியவில்லை. நீங்கள் அடித்துக் கொடுக்கிற நோட்டீஸில் "குறைந்த செலவு, நிறைந்த கடல்" என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே "மாமியார்கள் தங்கள் பொறுப்பில் வரவும்" என்றும் சேர்த்துவிடுங்கள்.

அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். "எங்கம்மாவையே விட்டுட்டு வந்தவரு நாளைக்கு என்னையும் விட்டுட்டு வருவாரு. நான் திரும்பிப் போறதா இல்ல" என்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னாள். கோபத்தில் சொல்கிறாளா, முடிவாகவே சொல்கிறாளா என்று பெற்ற எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று. காலையில் கரையிலிருந்து தீவுக்குப் போக நமக்குக் கொஞ்ச நேரம்தான் ஆனது. ஆனால் நீங்கள் என்னைத் தேடித் திரும்பி வந்தபோது சூரியன் விழுந்து, தண்ணீர் கறுத்துவிட்டது. கரையில் இறங்கின பிறகுதான் நான் இல்லாதது தெரிந்ததா? வழியிலேயே தெரியவில்லையா? சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள் மனைவியின் அம்மா


மார்ச் 15

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகச் செருப்புக் கடைக்குப் போனேன். நல்லதாக ஒரு ஜோடி வாங்கி அனுப்பலாம் என்று எண்ணம். "அளவு என்ன சார்?" என்று கேட்டார் கடைக்காரர். தெரியவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனை தடவை உங்கள் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன், அந்தக் கால் எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை. தோராயமாகக் கையை விரித்துக் காட்டினேன். "குழந்தைக்கா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். திரும்பும் வழியில் எஞ்சின் மக்கர் செய்துவிட்டது. எதிர்க்காற்று வேறு. அதனால்தான் தாமதம். வேறொன்றுமில்லை.

இப்போது செருப்பையும் பார்க்கிறேன், ஆளையும் பார்க்கிறேன். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் மாதிரி "உள்ளேன் ஐயா" என்று கத்திச் சிரிக்கிறார்கள். போன ஞாயிறு ஒரு பையன் மாமியார் பெயரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினான். சிரிப்பில் படகே குலுங்கியது.

டிக்கெட் கேட்டு வருகிற போன்களை இதுவரை உங்கள் மகள்தான் எடுத்துப் பேசுவாள். இப்போது நான். வயதானவர்கள் வரலாமா, நீச்சல் தெரியாவிட்டால் பரவாயில்லையா, அருவிப் பாதையில் அட்டை இருக்குமா என்று கேட்கிறார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகச் சொல்வாள். எனக்கு நாக்கு தடுமாறுகிறது. "பாதுகாப்பா கூட்டிட்டுப் போவீங்கல்ல?" என்று நேற்று ஒரு அம்மா கேட்டார். போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவரே வைத்துவிட்டார். எனக்கு இப்போது சாப்பாடு, பயணத்தில் மிஞ்சுகிற பொட்டலம்தான். மிஞ்சாத நாளில் பன்.

நானும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பழியைத் திருப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். விசிலை நானேதான் ஊதினேன், மூன்று தடவை, நீளமாக. அருவிப் பக்கம் இருந்தவர்களே கேட்டு ஓடிவந்தார்கள். நீங்கள் முழங்கால் வலி என்று கரையிலேயே இருந்துவிட்டீர்கள். உங்களுக்குக் கேட்கவில்லையா? காதில் ஏதாவது தொந்தரவு இருந்தால் சொல்லுங்கள், டாக்டரிடம் காட்டலாம்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

என் காது நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த வீட்டில் பாத்திரத்தை இடம் மாற்றி வைத்தால்கூட எனக்குக் கேட்கும்.

விசில் கேட்டது. மூன்றும் கேட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லுவதாக இல்லை. ஆனால் பயணத்தில் மிஞ்சின பொட்டலமும் பன்னும் என்று எழுதிவிட்டீர்கள், எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

முழங்கால் வலி என்று சொன்னது பொய். உங்கள் கூட்டம் அருவிக்கு ஏறினதும் நான் மட்டும் கடலோடு இருக்கலாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். நான் கடலுக்குப் போயிருக்கிறேன், போகாமல் இல்லை. ஆனால் போகிற இடத்திலெல்லாம் எல்லோருடைய பையையும் பார்த்துக்கொள்கிற ஆள் நான். மற்றவர்கள் குளிப்பார்கள், நான் துண்டை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பேன். அன்று வரைக்கும் கணுக்காலுக்கு மேல் கடல் என்னைத் தொட்டதில்லை.

அந்தக் கறுப்புப் பாறைக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு மணல்திட்டு இருக்கிறதே, அங்கே போனேன். ஒரு ஈ காக்கை இல்லை. சேலையை அவிழ்த்து மடித்துப் பாறைமேல் வைத்துவிட்டு, பாவாடை ரவிக்கையோடு தண்ணீரில் இறங்கினேன். முதலில் முழங்கால் வரைக்கும். அப்புறம் உட்கார்ந்தேன். அலை வந்து முதுகில் அடித்தது. நான் சத்தமாகச் சிரித்தேன் மாப்பிள்ளை. என் சிரிப்பைக் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன், யாராவது இருக்கிறார்களா என்று. எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

ஒரு பெரிய அலை பாறை வரைக்கும் ஏறி என் சேலையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஓடிப் பிடித்துவிட்டேன். ஆனால் தொப்பலாக நனைந்து, மண் அப்பிக் கிடந்தது. செடிமேல் விரித்துப் போட்டேன். அப்போதுதான் முதல் விசில். அதற்குள் அருவியிலிருந்து பாதிப் பேர் வந்துவிட்டார்கள். பாறைக்கு இந்தப் பக்கம் அந்த ஆபீஸ் பையன்கள் பந்து விளையாடுகிற சத்தம். ஈரச் சேலையைச் சுற்றப் பார்த்தேன், காலோடு ஒட்டிக்கொண்டு கொசுவமே நிற்கவில்லை. ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் துணி தைத்துப் போடுகிறேன், என் சேலையை எனக்குக் கட்ட வரவில்லை. ரவிக்கை உடம்போடு ஒட்டியிருந்தது. அந்தக் கோலத்தில் அவர்கள் முன்னால் எப்படி வருவேன்?

"கொஞ்சம் இருங்க" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் இல்லை என்று தெரிந்து நீங்கள் தேடி வருவீர்கள், உங்களை அந்தப் பக்கமே நிற்கச் சொல்லி ஒரு துண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்றாவது விசில் கேட்டது. அப்புறம் மோட்டார் சத்தம் கேட்டது.

நீங்கள் திரும்பி வந்தபோது, மழையில் நனைந்துவிட்டேன் என்று சொன்னேன். அன்று ஒரு தூறல்கூடப் போடவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

இதை என் மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் ஒரு பக்கம். இன்னொன்றும் இருக்கிறது, எழுதவே கூச்சமாக இருக்கிறது. எனக்காக ஒருத்தி கோபப்பட்டது எனக்கு நன்றாக இருந்தது. அவள் அப்பா இருந்த காலத்தில்கூட எனக்காக யாரும் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. தெருப் பெண்கள் வந்து "ஐயோ பாவம்" என்கிறார்கள், காபி போட்டுக் கொடுக்கிறார்கள், நானும் பாவமாகவே உட்கார்ந்து குடிக்கிறேன். நீங்கள் அங்கே பன் தின்கிறீர்கள். இதில் என் பாதியையும் சேர்த்து நீங்கள் சுமக்கிறீர்கள். நினைத்தால் எனக்கு என் மூஞ்சியையே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். சொன்னால் அவள் மனசு மாறிவிடும்.

உங்கள் மனைவியின் அம்மா


மார்ச் 24

அத்தைக்கு,

அவளிடம் எதுவும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்கப் போவதில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று வீட்டைக்கூடப் பெருக்கினேன். அப்புறம் நீங்கள் எனக்காக வருத்தப்பட்ட வரியைத் திரும்பப் படித்தேன். துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எஞ்சின் மக்கர் செய்யவில்லை. எதிர்க்காற்றும் இல்லை.

பாதி வழியில் எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி போட்ட ஒரு பெண், பின்பலகையில் உட்கார்ந்திருந்தவர், கேட்டார். "தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்தாங்களே, அந்தம்மா எங்க? ஏறலையா?"

திரும்பிப் பார்த்தேன். உங்கள் இடம் காலியாக இருந்தது. வாய் தானாகப் பேசியது. "அவங்க அங்கயே தங்கிடுவாங்க. சாமான் வைக்கிற கொட்டகையைப் பாத்துக்கிறவங்க."

"அப்படியா? தனியாவா இருப்பாங்க, பாவம்?"

"பழகிடுச்சு அவங்களுக்கு" என்றேன்.

அந்தக் கடைசி வார்த்தையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

படகைத் திருப்பச் சொல்லியிருந்தால் அவர்களுடைய பஸ் போயிருக்கும். திட்டியிருப்பார்கள். அதில் ஒருத்தர் எங்கள் பயணத்தைப் பற்றி நல்லபடியாக எழுதிப் போடுவதாகச் சொல்லியிருந்தார். சொந்த மாமியாரையே மறந்துவிட்டு வந்தவனை நம்பி நாளைக்கு யார் வருவார்கள் என்று மண்டைக்குள் ஓடியது. இதையெல்லாம் நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை, ஒரு நொடியில் ஓடியது. ஆனால் அதற்கப்புறம் கரை வரும்வரை நேரம் இருந்தது. ஒவ்வொரு நிமிஷமும் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், அடுத்த பயணத்துக்கான நோட்டீஸை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கரையில் இறங்கியதும் குழுவாக ஒரு படம் எடுப்பது வழக்கம். அன்றும் எடுத்தோம். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டது நான்தான். "ஆச்சு" என்றார்கள். எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக் கையசைத்துவிட்டுத்தான் படகுக்கு ஓடிவந்தேன். படகோட்டி படகைக் கட்டவே இல்லை. எஞ்சினையும் அணைக்காமல் வைத்திருந்தார்.

நீங்கள் பாறை மறைவில் வெட்கப்பட்டு நின்றீர்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. நான் எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டு செய்தேன். அவளிடம் மறந்துவிட்டேன் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். மறந்தது நிஜம். மறந்ததுக்கு அப்புறம் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை, உங்களைத் தவிர.

மாப்பிள்ளை என்று கையெழுத்துப் போட இன்று கூச்சமாக இருக்கிறது. போடவில்லை.


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் ஒரு வாரமாகக் கடை மேஜை டிராயரில் கிடந்தது. ஊசி எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கையில் பட்டது. ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துக் கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் அம்மா வந்து கத்திவிட்டுப் போனாள்.

கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவள் என்று சொன்னது எனக்குப் பெரிதில்லை. பிழைப்புக்கு எந்த வேலையும் செய்கிற கை இது. "பழகிடுச்சு அவங்களுக்கு" என்றீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தண்ணீர் ஏறி ஏறி, நாம் சாப்பிட்ட இடம் மூழ்கினது. நண்டெல்லாம் வெளியே வர ஆரம்பித்தன. ஈரத் துணியோடு கொட்டகைப் பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பழகவில்லை மாப்பிள்ளை. நான் பயந்தேன். அழுதேன். நீங்கள் அப்போது படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது வருவதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன். என் பங்கை மட்டும். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "நீயா? வெறும் பாவாடையோடயா?" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது அழுதாள். "ஐயோ, அவரு பாவம்மா, நான்தான் ரொம்பப் பேசிட்டேன்" என்றாள். அன்றே துணியெல்லாம் மடிக்க ஆரம்பித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறாள். உங்களுக்குச் சொல்ல வேண்டாம், திடீரென்று போய் நிற்கிறேன் என்றாள். நான்தான் சொல்கிறேன், பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள்.

இந்த ஒரு வாரமாக உங்களைப் பற்றி நல்லதாகவே பேசுகிறாள். மழை நாளில் நீங்கள் அவளுக்குக் குடை பிடித்தது, காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தது எல்லாம். நான் தலையைக் குனிந்துகொண்டு பொத்தான் தைக்கிறேன்.

உங்கள் பங்கை நான் சொல்லமாட்டேன். உங்களைக் காப்பாற்றுவதற்காக இல்லை. உன் புருஷன் என்னைக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவள் என்று சொன்னார் என்று நான் பெற்ற பெண்ணிடம் என் வாயால் எப்படிச் சொல்வேன்? எனக்கும்தானே கேவலம்? சொல்வதானால் நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இந்த விஷயம் நம் இரண்டு பேரோடு போகும். ஆனால் உங்கள் வீட்டு வாசற்படியை மறுபடி என்னால் மிதிக்க முடியுமா என்று தெரியவில்லை.

உங்கள் மனைவியின் அம்மா


ஏப்ரல் 8

அத்தைக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் அவள் உங்களிடம் வந்து சேர்ந்திருப்பாள். அவளைத் திட்டாதீர்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினாள். "அம்மா குளிச்ச கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். தெரியும் என்று சொல்லவில்லை, முழுக்கச் சொல்லவிட்டேன். நடுநடுவே என் தோளில் தட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. பெட்டி என் கையில் இருந்தது. அப்படியே ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போயிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், ஆட்டோவைக் கூப்பிட்டும் விட்டேன்.

அப்புறம் ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிவிட்டு, அவளை டிக்கெட் கவுண்டர் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். கண்ணாடி போட்ட பெண் கேட்டதிலிருந்து படம் எடுத்தது வரைக்கும். எதையும் விடவில்லை. அவள் கத்துவாள் என்று பயந்தேன், சுற்றிலும் ஆட்கள். கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"போட்டோவுல நீங்க சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

எழுந்தாள். என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். வந்த பஸ்ஸே திரும்பிப் போகக் காத்துக்கொண்டிருந்தது. அதிலேயே ஏறி, வந்தபோது உட்கார்ந்த ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்தாள். பஸ் நகரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை.

சொன்னதற்காக வருத்தப்படவில்லை என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை. பெருக்கி வைத்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, பேசாமல் இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. இப்படி ஒரு ஆள் நான். உங்களுக்குத் தெரிந்தே இருக்கட்டும்.

இரண்டு பயணங்களை ரத்து செய்துவிட்டேன். காரணம் கேட்டவர்களிடம் எஞ்சின் மக்கர் என்றுதான் சொன்னேன்.


ஏப்ரல் 15

மாப்பிள்ளைக்கு,

கதவைத் திறந்ததும் அவள் கேட்டது, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" தெரியும் என்றேன். "தெரிஞ்சும் சிரிச்சு வழியனுப்பிச்சியா?" என்றாள். அதோடு என்னிடமும் பேச்சு நின்றுவிட்டது. இப்போது இந்த வீட்டில் நானும் உங்கள் கட்சி. கடைக்கு வருவாள், எனக்கு எதிரே உட்கார்ந்து பழைய துணியில் பொத்தான் பிரிப்பாள், போய்விடுவாள். தெருப் பெண்கள் இப்போது காபி போட்டுக் கொடுப்பதில்லை. குளித்த கதையைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஒருத்தி, தனக்கும் ஒரு டிக்கெட் வேண்டும் என்று காதோடு கேட்டாள்.

நேற்றுதான் அவள் வாயைத் திறந்தாள். திறந்ததும் என்னைத்தான் பிடித்தாள். "அவரு வந்து உன்னைப் படகுல ஏத்துறப்போ நீ என்னம்மா சொன்ன?"

"பரவாயில்லைன்னு சொன்னேன்."

"எதுக்கு? நனைஞ்சு, அழுது, கொசுக்கடியில நின்னுட்டு எதுக்கும்மா பரவாயில்லை? நீ எல்லாத்துக்கும் அதையே சொல்லு. அதான் உன்னை எங்க வேணும்னாலும் விட்டுட்டு வர்றாங்க."

மெஷினை நிறுத்திவிட்டேன்.

அதனால் இதை எழுதுகிறேன். அன்று சொன்ன பரவாயில்லையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் செய்தது எனக்கு வலித்தது. இன்னும் வலிக்கிறது. நீங்களாகவே சொன்னீர்கள், அவளிடமும் சொன்னீர்கள், அது எனக்குத் தெரிகிறது. அதற்காக வலி குறையவில்லை. ஆனால் உங்கள் முகத்தை என்னால் இனிப் பார்க்க முடியும்.

அவள் அந்தத் தீவைப் பார்க்க வேண்டும் என்கிறாள். நான் நின்ற இடத்தில் அவளும் நிற்க வேண்டுமாம். அதற்கப்புறம்தான் உங்கள் வீட்டுக்கு வருவதா இல்லையா என்று சொல்வாளாம். வருவாள் என்று நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. வருகிற ஞாயிறு படகை ஓட்டுங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் எல்லோரையும் போல டிக்கெட் போடுங்கள், ஓசியில் வேண்டாம். ஆட்கள் நிறைய இருக்கட்டும்.

நாங்கள் படகில் ஏறும்போது நீங்கள் என்னை அத்தை என்று கூப்பிட வேண்டும். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அன்று பஸ்ஸில் ஏறினதிலிருந்து ஒரு தடவைகூட நீங்கள் அப்படிக் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்றீர்கள், "கொஞ்சம் நகந்து உக்காருங்க" என்றீர்கள். அந்த ஆபீஸ்காரர்கள் முன்னால் என்னை யார் என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று எனக்குக் காலையிலேயே புரிந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தால் இந்த அம்மா யார் என்று யாராவது உங்களைக் கேட்பார்கள். அதனால்தான் நான் எழுந்து எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

அத்தை